வந்தே பாரத்தை பெட்ரூமில் ஓட்ட முடியுமா? மாடல் ரயில் உலகமும் 2.76 மி.மீ. சிக்கலும்

ஒரு கணக்கோடு ஆரம்பிப்போம். 16 பெட்டி வந்தே பாரத் ரயிலின் நீளம் சுமார் 384 மீட்டர். அதை 87 மடங்கு சுருக்கினால் 4.41 மீட்டர் வரும், அடிக்கணக்கில் பதினான்கரை. உங்கள் பெட்ரூம் 10-க்கு 12 அடி என்றால், அந்த ரயிலை நேராக நிறுத்தவே இடம் போதாது. ஓட்டுவதெல்லாம் அப்புறம்.

"அப்போ இன்னும் சின்னதா சுருக்கிடலாமே?" என்று கேட்கிறீர்களா? சுருக்கலாம். 160 மடங்கு சுருக்கினால் 2.4 மீட்டர்தான். ஆனால் ஒரு பெட்டியின் உயரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடும். ஜன்னல் கம்பி, கைப்பிடி, பெட்டியின் மேல் எழுதிய எண் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விடும்.

எவ்வளவு சுருக்குவது? சுருக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது? மாடல் ரயில் என்ற பொழுதுபோக்கு இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். இந்திய ரயிலைச் செய்ய நினைப்பவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அதன் அளவு 2.76 மில்லிமீட்டர். அது எங்கிருந்து வருகிறது, அதோடு எப்படி வாழ்வது, முதல் என்ஜினை வாங்குவதற்கு முன் நீங்கள் என்ன முடிவு செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

பொம்மை ரயிலுக்கும் மாடல் ரயிலுக்கும் என்ன வித்தியாசம்?

பொம்மை ரயில், பார்க்க ரயில் மாதிரி இருந்தால் போதும். மாடல் ரயிலில் என்ஜின், பெட்டி, நடைமேடை, சிக்னல், டீக்கடை, அதில் நிற்கும் ஆள் என எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும். 1:87 விகிதத்தில் 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருப்பார். அவர் பக்கத்தில் 5 சென்டிமீட்டர் உயர நாய் நின்றால் அது மாடல் இல்லை, பொம்மை.

இந்த ஒழுங்குக்கு முதல் படி 1891-ல் விழுந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் அந்த ஆண்டு லைப்சிக் வணிகக் கண்காட்சியில், நிர்ணயித்த அகலங்கள் கொண்ட தண்டவாளத் தொகுப்பைக் காட்டியது. இந்த வருஷம் ஒரு வட்டம் வாங்கினால், அடுத்த வருஷம் அதே அகலத்தில் ஒரு கிளைப்பாதை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கி, ஓட்டி, மறந்துபோகும் பொருளாக இருந்த ரயில், வருஷக்கணக்கில் வளர்த்தெடுக்கும் ஒன்றாக மாறியது.

அடுத்த படி 1935. மார்க்லின், டிரிக்ஸ் என்ற இரண்டு ஜெர்மன் நிறுவனங்களும் மேசை மேல் ஓட்டக்கூடிய சின்ன ரயில்களைக் கொண்டுவந்தன. இன்று உலகில் அதிகம் புழங்கும் 'எச்.ஓ.' அளவு அந்த வழியில் வந்ததுதான். அந்தப் பெயரில் இருக்கும் 'ஓ' எழுத்து அல்ல, பூஜ்ஜியம். அதற்கு முன் இருந்த 'பூஜ்ஜியம்' அளவில் பாதி என்பதுதான் பெயரின் பொருள்.

ஸ்கேல் வேறு, கேஜ் வேறு

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. ஸ்கேல் என்பது எத்தனை மடங்கு சுருக்கம் என்பது. கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. கடையில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்பார்கள். முக்கியமான அளவுகள் இவை:

• ஓ: நாட்டுக்கு நாடு 1:43 முதல் 1:48 வரை, கேஜ் 32 மி.மீ.
• ஓ.ஓ.: 1:76; கேஜ் 16.5 மி.மீ. பெரும்பாலும் பிரிட்டனில் மட்டும்.
• எச்.ஓ.: 1:87, கேஜ் 16.5 மி.மீ.
• 'என்': 1:160, கேஜ் 9 மி.மீ. பிரிட்டனிலும் ஜப்பானிலும் ஸ்கேல் கொஞ்சம் மாறும்.
• இசட்: 1:220, கேஜ் 6.5 மி.மீ.

ஓ.ஓ., எச்.ஓ. இரண்டுக்கும் ஒரே 16.5 மி.மீ. என்பதைக் கவனித்தீர்களா? அதை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்திய ரயிலுக்கு மட்டும் என்ன பிரச்சினை?

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் நிஜ ரயில் பாதையின் அகலம் 1,435 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 16.49. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நம்முடைய பிராட்கேஜ் அகலம் 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். அந்த அகலத்தில் தண்டவாளத்தை எந்தப் பெரிய நிறுவனமும் தயாரிப்பதில்லை. அதனால் இந்திய ரயில்களின் எச்.ஓ. மாடல்கள், இங்கேயே சில சிறு நிறுவனங்கள் தயாரிப்பவை உட்பட, 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடுகின்றன. குறைவது 2.76 மி.மீ. நிஜ அளவில் அது 240 மி.மீ., ஏறக்குறைய ஒரு சாண். உடம்பு சரியான அளவில் இருக்க, சக்கரங்கள் மட்டும் ஒரு சாண் உள்ளே தள்ளி நிற்கின்றன. முன்பக்கத்திலிருந்து பார்த்தால், அகலமான ஆள் கால்களைச் சேர்த்து வைத்து நிற்பது போலத் தெரியும்.

பிராட்கேஜ் நம் நாட்டில் மட்டும் இல்லை. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, அர்ஜென்டினாவிலும் இதே 1,676 மி.மீ. உண்டு. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 1,668. ஆனால் மாடல் ரயில் சந்தையை உருவாக்கிய ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றுமே 1,435-ல் ஓடுபவை. அச்சுகளும் இயந்திரங்களும் அந்த அளவுக்கே செய்யப்பட்டன. ஸ்பானிய ரயில்களின் எச்.ஓ. மாடல்கள்கூடப் பெரும்பாலும் 16.5-ல்தான் ஓடுகின்றன.

"அப்போ நம்ம மாடல் எல்லாம் போலியா?" அவசரப்பட வேண்டாம். பிரிட்டனைப் பாருங்கள். நிஜ பிரிட்டிஷ் என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களைவிடக் குறுகலானவை. அன்றைக்கு இருந்த மோட்டாரை 1:87 உடம்புக்குள் அடக்க முடியவில்லை. அதனால் உடம்பை மட்டும் 1:76 ஆக்கிவிட்டு, தண்டவாளத்தை 16.5 மி.மீ.-லேயே விட்டுவிட்டார்கள். சரியாகச் செய்திருந்தால் 18.83 மி.மீ. இருந்திருக்க வேண்டும்.

சதவீதத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் பாதையில் குறைவது 12.4%, இந்தியப் பாதையில் 14.3%. பெரிய வித்தியாசம் இல்லை. ஹார்ன்பி டப்லோ ரயில்கள் 1938-ல் வந்தன. அன்றிலிருந்து பிரிட்டன் இந்தக் குறையோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே இன்றும் பரவலான அளவு அதுதான். இதைப் பொறுக்க முடியாதவர்கள் 18.2, 18.83 மி.மீ. என்று தாங்களே தண்டவாளம் போட்டுக்கொள்ளும் தனி மரபுகளை உருவாக்கினார்கள். இந்தியாவிலும் ஒருவர் 19.26 மி.மீ.-ல் கையால் தண்டவாளம் போடலாம். ஆனால் ஒவ்வொரு சக்கர அச்சையும், ஒவ்வொரு பாயின்ட்டையும் தானே செய்ய வேண்டும். உங்களிடம் இருக்கும் நேரம் வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்றால், அந்தச் சாணை மன்னித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ஊட்டி ரயிலுக்கு அதிர்ஷ்டம்

இந்தியாவின் மற்ற கேஜ்களுக்கும் இதே வகுத்தலைச் செய்து பார்த்தேன். விடை எதிர்பார்க்காதது.

நீலகிரி மலை ரயில் மீட்டர் கேஜ், 1,000 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 11.49. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்காக எச்.ஓ. ஸ்கேலில் 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள். வித்தியாசம் வெறும் 0.51 மி.மீ. நடுவில் பதிக்கும் பல்பட்டைகூடக் கிடைக்கிறது.

கால்கா–சிம்லா ரயில் 762 மி.மீ. வகுத்தால் 8.76. ஆஸ்திரியாவின் 760 மி.மீ. குறும்பாதைகளுக்காக 9 மி.மீ. தண்டவாளம் ஏற்கெனவே சந்தையில் உண்டு. வித்தியாசம் 0.24 மி.மீ. கண்ணுக்கே தெரியாது.

ஆக, நாட்டின் புத்தம் புதிய வந்தே பாரத்தைவிட, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊட்டி ரயிலையும் சிம்லா ரயிலையும் உண்மைக்கு நெருக்கமாகச் செய்ய முடியும். காரணம் நம் திறமை இல்லை. அந்த அகலத்தில் ரயில் ஓட்டிய நாடுகளில் மாடல் வாங்கும் ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் முழு ஊட்டிப் பாதையையும் செய்யலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 1:87-ல் அது 529 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் கிளம்பி சுமார் 2,200 மீட்டருக்கு ஏறுகிறது ரயில். அந்த ஏற்றத்தையும் அதே விகிதத்தில் சுருக்கினால் 21 மீட்டருக்கு மேல் வரும். ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம்!

என்ஜினுக்குள் என்ன இருக்கிறது?

எச்.ஓ. என்ஜினுக்குள் இருப்பது பொதுவாக 12 வோல்ட் மோட்டார். அதன் அச்சில் ஒரு சின்ன சுழல்சக்கரம். மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலும் வண்டி குலுங்காமல் ஓட அதுதான் உதவுகிறது. அங்கிருந்து பற்சக்கரங்கள் வழியாக விசை கீழ்ச்சக்கரங்களுக்குப் போகிறது. நீராவி என்ஜின் மாடல் என்றால் மோட்டார் பாய்லருக்குள் ஒளிந்திருக்கும், அல்லது பின்னால் இழுத்துச் செல்லும் நிலக்கரி வண்டியில் இருக்கும்.

எடை விஷயத்தில் சுருக்கல் கணக்கு காலை வாரிவிடும். டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார என்ஜினின் எடை 123 டன். நீளம் 87 மடங்கு சுருங்கும்போது கன அளவு 87 × 87 × 87, அதாவது 6,58,503 மடங்கு சுருங்குகிறது. அந்தக் கணக்கில் மாடல் என்ஜின் 187 கிராம்தான் இருக்க வேண்டும். அவ்வளவு லேசாக இருந்தால் சக்கரம் வழுக்கும், பெட்டிகளை இழுக்காது. அதனால் உள்ளே உலோகக் கட்டி வைத்து வேண்டுமென்றே கனமாக்குகிறார்கள். இங்கே விட்டுக்கொடுப்பது எடையின் உண்மையை, காப்பாற்றுவது இழுவையை.

வேகம் மட்டும் ஒழுங்காகச் சுருங்கும். மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது 1:87-ல் நொடிக்கு 41 சென்டிமீட்டர். 12 அடிச் சுவரைக் கடக்க சுமார் ஒன்பது நொடி. புதிதாக ஓட்டுபவர்கள் எல்லாரும் இதைவிடப் பல மடங்கு வேகமாக ஓட்டுவார்கள். வண்டி பொம்மை மாதிரித் தெரிவதற்கு அந்த ஒரு தப்பே போதும்.

பழைய முறையில் தண்டவாளத்தில் பாயும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றினார்கள். ஒரே பாதையில் இரண்டு என்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் முறை இதை மாற்றியது. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இருக்கும்; அதன் துடிப்புகளிலேயே கட்டளையும் போகும். துடிப்பின் ஒரு பாதி 58 மைக்ரோ நொடி என்றால் அது 1. சுமார் 100 மைக்ரோ நொடி என்றால் 0. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு சிப், அதற்கு ஒரு முகவரி எண். தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். இரண்டே கம்பியில் மின்சாரமும் தகவலும் சேர்ந்து போகும் ஒரு குட்டி நெட்வொர்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நுட்பத்தையும் கவிழ்ப்பது தூசி. சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் வரவேண்டும். நடுவில் அழுக்குப் படிந்தால் வண்டி நிற்கும். பித்தளைத் தண்டவாளம் கறுத்துப்போனால் அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. சென்னை, மும்பை மாதிரி கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். அதனால் நிக்கல் சில்வர் தண்டவாளம் வாங்குங்கள் (பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும்). ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும்.

லேஅவுட் எப்படி உருவாகிறது?

ரயில் ஓடும் முழு நிலப்பரப்புக்குப் பெயர் லேஅவுட். அடியில் மரச்சட்டம், அதன் மேல் பிளைவுட், சத்தத்தைக் குறைக்கக் கார்க் ஷீட், அதன் மேல் தண்டவாளம், பிறகு வயரிங், கடைசியாக மலை, மரம், ஊர். தெர்மோகோலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். நம்மூர் பிளைவுட்டின் வழக்கமான 8-க்கு 4 அடி அளவுதான் உலகம் முழுக்க எச்.ஓ. தொடக்கக்காரர்களின் முதல் லேஅவுட் அளவும்.

பிரச்சினை வளைவில் வரும். இந்திய பிராட்கேஜில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். ஒரு முழு வட்டம் அடிக்க 13 அடிக்கு மேல் அகலம் வேண்டும். 8-க்கு 4 பலகையில் போடும் வழக்கமான வளைவின் ஆரம் 18 அங்குலம். நிஜத்தில் அது 40 மீட்டர். 24 மீட்டர் நீளமுள்ள எல்.எச்.பி. பெட்டி மாடலில் 27.6 சென்டிமீட்டர் வரும். அது அந்த வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்ளே துருத்தும், முனைகள் வெளியே நீட்டும். சில பெட்டிகள் தடம்புரளவே செய்யும். நீளமான பெட்டி வேண்டுமா, சின்னப் பலகை வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு ஆசை, ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை. எச்.ஓ.-வில் மேலே தாண்டிப் போக சுமார் 8 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். 100-க்கு 2 என்ற நிதானமான ஏற்றத்தில் அந்த உயரத்தை எட்ட 4 மீட்டர் பாதை தேவை. இறங்க இன்னொரு 4 மீட்டர். 8-க்கு 4 பலகையில் இது நடக்காது.

அதனால்தான் அனுபவசாலிகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்குவதில்லை. பெட்டியை 1:87-ல் சரியாகச் செய்வார்கள். ரயிலில் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். ஒரு என்ஜினும் ஆறு எல்.எச்.பி. பெட்டிகளும் என்றால் 1.9 மீட்டருக்குள் அடங்கும். ஹூப்ளியின் 1,507 மீட்டர் நடைமேடையை அப்படியே சுருக்கினால் 57 அடி வரும். அதைச் செய்ய யாராலும் முடியாது. இரண்டு மீட்டர் நடைமேடை போட்டு, மீதியை ஒரு மேம்பாலத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். பார்ப்பவரின் மனசு மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

இடமும் பணமும் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம்? பாடகர் ராட் ஸ்டூவர்ட் 20 ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டு 1:87-ல் ஒரு அமெரிக்க நகரத்தைக் கட்டினார். 2019-ல் அதை வெளியே காட்டினார். ஹாம்பர்க்கில் இரட்டையர்களான பிரவுன் சகோதரர்கள் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டில் 1,000-க்கும் மேற்பட்ட ரயில்கள். அங்கே விமானம் கிளம்பி இறங்கும் விமான நிலையம்கூட உண்டு. நம் நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் புனேயின் கோத்ருட் பகுதிக்குப் போங்கள். பாவுசாகேப் ஜோஷி உருவாக்கிய ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம் 1998 முதல் அங்கே இருக்கிறது.

ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் இதைப் படியுங்கள்

'ஹேக்' என்ற சொல்லைத் தினமும் பயன்படுத்துகிறீர்கள். கணினிக்காரர்களிடம் அந்தச் சொல் பரவியதில் ஒரு மாடல் ரயில் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய டெக் மாடல் ரெயில்ரோட் கிளப்பில் இரண்டு வகை ஆட்கள். ஒரு கூட்டம் ரயிலுக்கு வண்ணம் பூசும். இன்னொரு கூட்டம் மேசைக்கு அடியில், தொலைபேசி இணைப்பகத்தின் பழைய ரிலேக்களை வைத்து சிக்னல்களை இயக்கும். அந்த இரண்டாவது கூட்டம்தான் 1950-களின் கடைசியில் கல்லூரியின் கணினிகள் பக்கம் போனது. 1962-ல் வந்த 'ஸ்பேஸ்வார்' விளையாட்டுக்குப் பின்னாலும் அந்தச் சங்கத்து ஆட்கள் இருந்தார்கள்.

இன்னொரு தொடர்பு உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. ஜே.எம்.ஆர்.ஐ. என்பது மாடல் ரயில்களைக் கணினியிலிருந்து இயக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதன் கோப்புகளை ஒரு தரப்பு உரிமக் குறிப்புகளை நீக்கிவிட்டுப் பயன்படுத்தியதாக, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான இயற்பியலாளர் ராபர்ட் ஜேக்கப்சன் வழக்குப் போட்டார். 2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: இலவசமாகக் கொடுத்தாலும், ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் நிபந்தனைகளை மீறினால் அது பதிப்புரிமை மீறல் ஆகலாம். இன்று உங்கள் நிறுவனத்தின் சட்டப்பிரிவு ஓப்பன் சோர்ஸ் உரிமங்களைக் கவனமாகப் படிக்கிறது என்றால், அதன் பின்னணியில் உள்ள முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று மாடல் ரயிலிலிருந்து வந்தது.

பொழுதுபோக்குதானே, இதில் இழக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் இடையே 1931-ல் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடிய பாதை, கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரையிலான அந்தத் தடம் மட்டும்தான். 1992-ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தில் நாடு முழுக்க மீட்டர் கேஜ் பாதைகள் பிராட்கேஜாக மாறின. சென்னையின் மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் 2004-ல் நின்றது. மாற்றம் தேவையானதுதான், கேஜ் மாறும் ஊரில் இறங்கி வேறு ரயில் ஏறிய தலைமுறையைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த ரயில் இனி எங்கேயும் ஓடப்போவதில்லை. ஓடினால் ஒரு மேசை மேல் ஓடினால்தான் உண்டு.

அதற்கும் அளவுகள் வேண்டும். நடைமேடை எவ்வளவு உயரம்? கூரைத்தூணின் வடிவம் என்ன? பெயர்ப்பலகை எந்தப் பக்கம்? எந்த இடத்தில் எந்த நிறம்? யாரோ ஒருவர் எடுத்த நான்கு படங்களை வைத்துக்கொண்டுதான் இன்று ஊகிக்க முடிகிறது.

இதுவே திரும்பவும் நடக்கிறது. அம்ரித் பாரத் திட்டத்தில் 1,300-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. நீங்கள் பள்ளிக்கூட விடுமுறைக்குப் போய் இறங்கிய ஊர் நிலையமும் அந்தப் பட்டியலில் இருக்கலாம்.

மாடலும் நிரந்தரம் இல்லைதான். கலிபோர்னியாவின் மான்டரே ஊரில் ஜான் ஆலன் என்பவர் கட்டிய எச்.ஓ. லேஅவுட், தரையிலிருந்து கூரை வரை எழுந்த மலைகளோடு உலகப் புகழ் பெற்றது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து லேஅவுட்டின் பெரும்பகுதி எரிந்துபோனது. அவர் புகைப்படக்காரராகவும் இருந்ததால்தான் இன்று நமக்கு அதைத் தெரியும். கட்டுவது எவ்வளவு முக்கியமோ, பதிந்து வைப்பதும் அவ்வளவு முக்கியம்.

சரி, எப்படித் தொடங்குவது?

1. இடத்தை முதலில் அளங்கள். வாடகை வீடா? அடிக்கடி மாறுவீர்களா? அப்படியென்றால் பிரித்து எடுத்துச் செல்லும் பலகைகளாகத் திட்டமிடுங்கள். அலமாரித் தட்டு அளவுதான் இடம் என்றால் 'என்' ஸ்கேல் பாருங்கள். ஆனால் அதில் இந்திய மாடல்கள் கிடைப்பது கடினம்.

2. எந்த ரயில் என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஜெர்மன் என்ஜின் ஒன்று, அமெரிக்க சரக்கு வண்டி இரண்டு, வந்தே பாரத் ஒன்று என்று வாங்கிக் குவித்தால் லேஅவுட் வராது, அலமாரிதான் நிறையும்.

3. முதல் என்ஜினுக்கு எல்லாப் பணத்தையும் போடாதீர்கள். நுணுக்கமான ஐரோப்பிய என்ஜின் ஒன்று 200 முதல் 500 யூரோ வரை போகும். இறக்குமதி வரியும் கூரியரும் தனி. எளிய தொடக்கத் தொகுப்பு ஒன்றில் ஓட்டிப் பழகிவிட்டு மேலே போங்கள்.

4. வாங்கும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஸ்கேல், கேஜ், அந்த வண்டி திரும்பக்கூடிய மிகச் சிறிய வளைவின் ஆரம். மூன்றாவதைக் கேட்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு வருத்தப்படுவார்கள்.

5. பெரிய ஊர் வேண்டாம். ஒரு சின்ன நிலையம், ஒரு கிளைப்பாதை, இரண்டு பாயின்ட் போதும். முடிக்க முடிந்த சின்ன லேஅவுட், முடியாத பெரிய லேஅவுட்டைவிட மேல்.

6. ஆர்டுயினோ தெரிந்தவர் என்றால், டி.சி.சி.-இ.எக்ஸ். என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் நீங்களே கட்டுப்பாட்டுக் கருவி செய்துகொள்ளலாம்.

இதில் எதையும் வாங்காமல் இந்த வாரக் கடைசியிலேயே செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. ஊருக்குப் போகும்போது உங்கள் ரயில் நிலையத்தைப் பதிவு செய்யுங்கள். நிலைய மேலாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சுவரோரம் சாய்த்து வைத்து, நான்கு பக்கமும் நேராக நின்று படம் எடுங்கள். அந்தக் குச்சி இருந்தால் கதவு, ஜன்னல், தூண் எல்லாவற்றின் அளவையும் பிறகு படத்திலிருந்தே எடுக்கலாம். நடைமேடை நீளத்துக்கு, நிற்கும் எல்.எச்.பி. பெட்டிகளை எண்ணி 24 மீட்டரால் பெருக்குங்கள். தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். ஆபத்து, ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட.

படங்களை ஒரு ஃபோல்டரில் தேதியோடு போட்டு வையுங்கள். அதை நீங்களே 87-ஆல் வகுப்பீர்களோ, இருபது வருஷம் கழித்து வேறு யாராவது வகுப்பார்களோ தெரியாது. நிலையம் இடிக்கப்பட்ட பிறகு அந்த அளவுகளை யாராலும் எடுக்க முடியாது என்பது மட்டும் உறுதி.